தொடுதலைப் பாடமாக்கியவர்: ஐடா ஸ்கடரும் செவிலியர் கல்வியும்

காலை ஏழு மணிக்குக் கோவிலம்பாக்கம் ஈச்சங்காடு சந்திப்பில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். 200 அடி ரேடியல் சாலையில் பல்லாவரம் பக்கமிருந்தும் துரைப்பாக்கம் பக்கமிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து இரவுப்பணி முடித்த செவிலியர் இறங்குகின்றனர். அதே பேருந்துகளில், வெள்ளை மேலங்கியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு செவிலியர் கல்லூரி மாணவியர் ஏறுகின்றனர். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை பரவிய தென்சென்னைப் புறநகரில் மருத்துவமனைகள் பெருகப் பெருக, அவற்றை நடத்துவதற்கான கைகளும் இங்கே வாடகை அறைகளில் குடியேறின. நாம் பேசிய மாணவியருள் சிலர் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வெளிநாட்டு வேலை, வங்கிக் கடன், விடுதிச் சோறு என்று பேச்சு நீண்டது. ஒரு மாணவி மட்டும் தன் பாட்டி கேட்ட கேள்வியைச் சொன்னார். பிறர் மலத்தையும் சீழையும் அள்ளும் வேலையிலிருந்து தப்பிப்பதற்குத்தானே பள்ளிக்கூடம் அனுப்பினோம், நான்கு வருடம் பணம் கட்டிப் படித்து மறுபடியும் அதையா தொடப்போகிறாய் என்று பாட்டி கேட்டாராம்.

இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. உடலின் கழிவைத் தொடுவது யாருடைய வேலை என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்மானித்த சமூகம் இது. அத்தகைய சமூகத்தில் நோயுற்றவரைத் தொட்டுப் பராமரிப்பது பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் கொண்ட ஒரு கல்வியாக எப்படி மாறியது? தமிழகத்தைப் பொறுத்தவரை இவ்வரலாற்றின் பெரும்பகுதி வேலூர் வழியாகவே செல்கிறது. வேலூர் எனும்போது ஐடா சோபியா ஸ்கடரைத் தவிர்க்க இயலாது. அவர் செவிலியரல்லர், மருத்துவர். எனினும் மருத்துவப் பள்ளியைத் தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909இல், அவருடைய மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. இந்த வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை. நம் பாடநூல்களும் தேவாலய மலர்களும் அவரை ஒரே ஓர் இரவின் கதையாகச் சுருக்கி வைத்திருக்கின்றன. அந்த இரவையும் அதற்குப் பின்னான அறுபதாண்டுகளையும் நமக்கு வேண்டிய கோணத்திலிருந்து மீண்டும் பார்க்க முயல்கிறோம்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மூத்த ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. அவருடைய பிள்ளைகள் வட ஆர்க்காட்டுப் பகுதியில் 1853இல் அமெரிக்க ஆர்க்காட் மிஷனைத் தொடங்கினர். அம்மிஷனின் கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பறையர் குடியிருப்புகளைச் சேர்ந்த உழைப்பாளிகள். நிலமற்றவர்கள், பண்ணையடிமைகளாக இருந்தவர்கள், கிணற்றையும் தெருவையும் பள்ளியையும் மறுக்கப்பட்டவர்கள். ஐடா வளர்ந்த மிஷன் வீட்டின் அன்றாடம் இம்மக்களுடன் பிணைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றபோது ஐடா ஆறேழு வயதுச் சிறுமி. பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு அப்பம் பிட்டுக் கொடுத்த நினைவு அவரை வாழ்நாள் முழுதும் துரத்தியதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அப்பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் கூலியைத் தவிர வேறேதுமில்லாத சேரி மக்களே என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1878இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. மாசச்சூசெட்ஸின் நார்த்ஃபீல்டு மகளிர் பள்ளியில் படித்த ஐடாவுக்கு மிஷனரியாகும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. பஞ்சமும் தூசியும் நோயும் நிறைந்த நாட்டுக்கு இனி வருவதில்லை என்றே இருந்தார். திண்டிவனத்தில் தாயார் நோயுற்றதால் 1890இல் தற்காலிகமாகத் திரும்பி வந்தார். அப்போதுதான் எல்லோரும் அறிந்த அந்த இரவு நிகழ்ந்தது. முதலில் ஒரு பார்ப்பன இளைஞர், பிறகு ஓர் இசுலாமியர், பிறகு மற்றுமோர் உயர்சாதி இந்து என மூவர் அடுத்தடுத்து மிஷன் வீட்டின் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தன் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என ஐடா கெஞ்சியும் அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவருமே உடன்படவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடியலில் சாவுப்பறை கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இதைக் கடவுளின் அழைப்பாகவே ஐடா எடுத்துக்கொண்டார். அந்த நம்பிக்கையைப் பற்றி நாம் விவாதிக்கப் போவதில்லை. ஆனால் அம்மூவரைக் கொன்றது மருத்துவர் இல்லாமை மட்டுமன்று. மருத்துவர் அடுத்த அறையில் இருந்தார். பெண்ணுடலைச் சாதியின் எல்லைக்கோடாகக் கருதி, அதை யார் தொடலாம் யார் தொடக்கூடாது எனக் காவல் காத்த ஒழுங்கே அவர்களைக் கொன்றது. சாதி பெண்ணின் கருப்பையின் மீது நிற்கிறது என்பதை அம்பேத்கர் பிற்காலத்தில் கோட்பாடாக விளக்கினார்; திண்டிவனத்தின் மூன்று வீடுகளில் அது பிணமாகக் கிடந்தது. அக்காலத்துச் சென்னையிலேயே, 1885இல் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரில் சாதி, கோஷா என இரு சொற்களும் பலகையிலேயே இடம்பெற்றிருந்தன. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என நாம் அறிவது அதுதான். சாதி இந்துப் பெண்களும் திரைக்குள் வாழ்ந்த பெண்களும் மருத்துவம் பெற வேண்டுமானால் அந்த உறுதிமொழியை வாசலிலேயே கொடுக்க வேண்டியிருந்தது.

அக்கதையில் நம்மை இன்னொன்றும் உறுத்துகிறது. கதவைத் தட்டிய மூவரும் தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள். வண்டியோ விளக்கோ துணையாளோ வைத்திருந்தவர்கள், தம் மனைவிக்குப் பெண் மருத்துவர் வேண்டுமெனக் கேட்கும் துணிவு உள்ளவர்கள். அதே இரவில், அதே வட்டாரத்துச் சேரிகளில் எத்தனை பெண்கள் பிரசவத்தில் இறந்தனர் என்பது எந்த நூலின் கதையாகவும் ஆகவில்லை. தமிழகக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் எனத் தாழ்த்தப்பட்ட மருத்துவர் சமூகத்துப் பெண்களும் தலித் பெண்களுமே. தொப்புள்கொடி அறுத்தல், நச்சுக்கொடி புதைத்தல், தீட்டுத் துணி துவைத்தல் எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. உயிரைக் காப்பாற்றிய கையைப் பத்தாம் நாள் வீட்டுக்குள் விடாத சமூகம் அது. கோவிலம்பாக்கத்து மாணவியின் பாட்டி பேசியது இந்த நினைவிலிருந்துதான்.

அந்த ஆண்டுகளை இன்னும் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஐடா திண்டிவனத்தில் இருந்தபோது, அதற்கு வடக்கே தொடங்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் தம் அறிக்கையை எழுதினார். வீட்டு மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் நினைத்தால் துரத்திவிடக்கூடிய நிலையில் ஒரு பெரும் மக்கள் கூட்டம் வாழ்வதை அவ்வறிக்கை அரசின் மேசையில் வைத்தது. 1892இல் பிறந்த அரசாணை வழியாகவே பஞ்சமி நிலம் எனும் சொல் நம் அரசியலுக்குள் வந்தது. அந்த அறிக்கைக்குப் பின்னால் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளின் அழுத்தமும் இருந்தது. இன்றைய கோவிலம்பாக்கமும் மேடவாக்கமும் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணே. சதுர அடிக் கணக்கில் நிலம் விற்கும் இந்தச் சாலையோரத்தில் பஞ்சமி நிலத்தின் கதி என்னவாயிற்று என்பது வேறொரு கட்டுரைக்கான செய்தி. சில மிஷனரிகள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போராடினர், சிலர் பள்ளியை, சிலர் மருத்துவத்தை. ஐடா மூன்றாவது பாதையில் நடந்தவர். இரண்டாவதும் அதற்குள் வந்து சேர்ந்துகொண்டது.

அமெரிக்கா திரும்பிய ஐடா பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களை அனுமதிக்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்ற முதல் பெண்கள் குழுவில் ஒருவரானார். அமெரிக்காவிலேயே பெண்ணுக்கு மருத்துவக் கல்வி அரிதாக இருந்த காலம். அவர் படித்துக்கொண்டிருந்தபோது, 1897 மார்ச்சில், பூனாவில் சாவித்ரிபாய் பூலே மறைந்தார். பிளேக் நோயுற்ற ஒரு மகர் சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ முகாமுக்குக் கொண்டு சென்று, அந்நோய் தொற்றி உயிர்விட்டார் சாவித்ரிபாய். பட்டமோ சீருடையோ இல்லாமல் நம் மண்ணில் செவிலியப் பணி செய்து மாண்ட அவரை நம் செவிலியர் கல்லூரிகளின் சுவர்களில் ஏன் காண முடிவதில்லை என நாம் பலமுறை நினைத்ததுண்டு. நைட்டிங்கேலின் விளக்கு மட்டுமே எல்லா வரவேற்பறைகளிலும் எரிகிறது.

வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும்படி மிஷன் ஐடாவிடம் சொல்லியிருந்தது. ஷெல் எனும் நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா, தோழி ஆனி ஹான்காக்குடன் வந்து சேர்ந்தார். ஐடா மருந்து கொடுக்க, ஹான்காக் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் பேசினார், வேதம் கற்பித்தார். தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் கற்கலாம் என்ற ஐடாவின் கணக்கு சில மாதங்களிலேயே பொய்த்தது. 1900 மே மாதம் தந்தை இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகாத பெண் மருத்துவரை நம்பி வர ஊர் தயங்கியது. மிஷன் வீட்டின் சிறு அறையில், ஒரு கட்டிலுடன் மருத்துவம் தொடங்கிற்று.

அங்கே ஐடாவுக்கு உதவியாளராக நின்றவர் சலோமி. அவ்வீட்டில் வேலை செய்த குடும்பத்துப் பெண். செவிலியப் பள்ளியில் படித்தவர் அல்லர். மருந்துப் புட்டிகளை அடுக்கவும் காயம் கழுவவும் கட்டுப் போடவும் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டார். வேலூர் செவிலியக் கல்வியின் வரலாற்றை 1909இலிருந்து எழுதுவது மரபு. அதை 1900இல், சலோமியின் கைகளிலிருந்து எழுத வேண்டும் என்பது நம் கருத்து. முதல் இரண்டாண்டுகளில் அந்தச் சிறு இடத்தில் சுமார் 5,000 பேருக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது என்பர். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அவ்வளவு படுக்கைகளுக்கும் மருத்துவர் ஐடா ஒருவரே.

மருத்துவர் ஒருவர் என்றால், மற்ற வேலைகளையெல்லாம் செய்தவர் யார்? அறுவை முடிந்த பெண்ணை ஐடா ஒரு நாளில் இருமுறை பார்த்திருப்பார். அவளைப் புரட்டிப் படுக்கவைப்பது, மலச்சட்டி எடுப்பது, காய்ச்சல் அளப்பது, கஞ்சி ஊட்டுவது, நள்ளிரவில் அவள் மூச்சு மாறுவதைக் கவனிப்பது ஆகிய எல்லாவற்றிற்கும் வேறு கைகள் வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் இன்றி மருத்துவமனை என்பது வெறும் கட்டடம் என ஐடா கண்டது இங்கேதான். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி பிறந்தது. அதை நடத்தும் பொறுப்பை அமெரிக்கச் செவிலியரான டெலியா ஹௌட்டன் ஏற்றார்.

தமிழகத்தில் செவிலியப் பயிற்சி அதற்கு முன்பு இல்லாமலில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே அது தொடங்கிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் அதில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை இவ்வேலைக்கு அனுப்ப மறுத்தன. காரணங்களை அடுக்க வேண்டியதில்லை: இரத்தம், மலம், அந்நிய ஆணின் உடல், இரவுப்பணி, தீட்டு. எனவே மிஷன் மருத்துவமனைகளின் செவிலியப் பள்ளிகளுக்கு வந்தவர்கள் மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த கிறித்தவப் பெண்கள், ஆதரவற்றவர்கள், விதவைகள். கிறித்தவர் என்ற பெயருக்குள் பெரும்பாலும் இருந்தது சேரியே. தாம் தொட்டால் தீட்டு என்று தள்ளிவைத்த வீடுகளின் பெண்களுக்கே, அவர்கள் மயங்கிக் கிடக்கையில், இந்தக் கைகள் நாடி பிடித்தன.

பாட்டியின் கேள்விக்கு இவ்விடத்தில் ஒரு பாதிப் பதில் உண்டு. சேரிப் பெண் பிறர் வீட்டுத் தீட்டை அள்ளியபோது அதற்குக் கூலி ஒரு படி நெல் அல்லது பழைய சேலை. மறுத்தால் அடி. அந்த வேலைக்குப் பெயரில்லை, அறிவு என்ற மதிப்பில்லை, அவள் மகளும் அதையே செய்தாக வேண்டும். செவிலியப் பள்ளி அந்த உடற்பணியை எடுத்து அதற்கு உடலியலும் கிருமியியலும் மருந்தியலும் கற்பித்தது. கை கழுவுதலைத் தீட்டிலிருந்து பிரித்துக் கிருமியோடு சேர்த்தது. தொடுவதற்கு முன்னும் கழுவு, தொட்ட பின்னும் கழுவு, யாராக இருந்தாலும் கழுவு என்பது சிறிய விதியாகத் தோன்றலாம். தீண்டாமை ஒரு பக்கத்தை மட்டும் அழுக்காக்கும். கிருமிக் கொள்கையோ தொடுபவரையும் தொடப்படுபவரையும் ஒரே தட்டில் வைக்கும். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்து பதிவேடும் உரிமமும் ஏற்பட்டபோது, அப்பதிவேட்டில் ஏறிய பெயருக்குப் பின்னால் இருந்தது தேர்வு மட்டுமே. சிஸ்டர் என்று நம் மக்கள் அழைக்கப் பழகிய சொல்லையும் எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சேரிப் பெண்ணைப் பெயர் சொல்லியும் வாடி போடி என்றும் அழைத்த காலத்தில், ஆங்கிலத்திலாவது அவளை உடன்பிறந்தவள் என்று விளிக்க ஒரு சீருடை தேவைப்பட்டது.

மீதிப் பாதிப் பதில் அவ்வளவு இனிமையானதன்று. அதற்குப் பிறகு வருகிறோம்.

வேலூருக்கு வர இயலாதவர்களைத் தேடி ஐடா சாலையில் இறங்கினார். வேலூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடியாத்தத்துக்கு வாரந்தோறும் சென்று மருத்துவம் பார்த்தபோது, வழியில் மரத்தடிகளில் மக்கள் காத்து நிற்கத் தொடங்கினர். முதலில் மாட்டுவண்டி, பிறகு 1909 வாக்கில் வந்த பிரெஞ்சு பெஜோ மோட்டார் வண்டி. அது புகைவிட்டு வந்தபோது பேயென நினைத்து மக்கள் வயல்களில் ஓடியதாகச் சொல்வார்கள். இந்தச் சாலையோர மருத்துவத்தில் கண் நோய், புண், காது வலி, பிரசவச் சிக்கல், தொழுநோய் என எல்லாம் வந்தன. ஊர்த் தெருவுக்குள் மருத்துவமனை வைத்திருந்தால் சேரி உள்ளே வந்திருக்காது; சேரிக்குள் வைத்திருந்தால் ஊர் வந்திருக்காது. அரசின் சாலை இருவருக்கும் பொது. சாலையோரப் புளிய மரத்தின் நிழலில் ஊர்க்காரரும் சேரிக்காரரும் ஒரே வரிசையில் நின்றதை ஐடா திட்டமிட்டுச் செய்தாரா, அல்லது வண்டி நின்ற இடத்தில் அது தானாக நிகழ்ந்ததா என்பது ஒரு பொருட்டன்று. தொழுநோயாளரைத் தொட்டுக் கட்டுப்போட்ட செவிலியரும் அந்த வண்டியில் சென்றவர்களே. நோயால் விரட்டப்பட்டவர்களை, பிறப்பால் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் பராமரித்தார்கள்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது சென்னை அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கர்னல் பிரைசன், ஆறு பேர் விண்ணப்பித்தாலே அதிகம் எனக் கருதினார். வந்தவை 151 விண்ணப்பங்கள். ஆளுநர் பென்ட்லண்டு பிரபு தொடங்கி வைத்த அப்பள்ளியில் வாடகைக் கட்டடமும் சில எலும்புகளும் ஒரு நுண்ணோக்கியும் மிகச் சில நூல்களுமே இருந்தன. ஐடாவே முதல்வர், ஐடாவே உடற்கூற்றியல் ஆசிரியர். பகலில் அறுவை, மாலையில் வகுப்பு, இரவில் மறுநாள் பாடத்துக்குத் தானே படித்தல் என்று நான்காண்டுகள் ஓடின. 1922இல் இறுதித் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். ஆண்களின் பள்ளிகளில் பாதிப் பேர்கூடத் தேறாத தேர்வு அது. தம் மாணவியருக்கு வேதபாட வகுப்பும் அவரே எடுத்தார். கற்பித்தலும் ஊழியமும் அவருக்கு இரு வேறு வேலைகளாக இருக்கவில்லை. மாணவியரை வாரந்தோறும் சாலையோர மருத்துவத்துக்கு அழைத்துச் சென்றதையும் வகுப்பின் பகுதியாகவே வைத்திருந்தார். நோயைப் படுக்கையில் மட்டுமன்றி அது பிறக்கும் குடிசையிலும் பார்க்க வேண்டும் என்ற அந்த வழக்கமே பிற்காலத்தில் வேலூரின் சமூக மருத்துவத் துறைக்கும் செவிலியர் சமூகப் பணிக்கும் வித்தானது.

அப்பள்ளி வழங்கிய எல்.எம்.பி. எனும் உரிமப் படிப்பு பட்டம் அன்று. குறைந்த செலவில், குறைந்த பள்ளித் தகுதியுடன் சேரக்கூடியது. 1930களின் இறுதியில் சென்னை அரசு அதை நிறுத்தி எம்.பி.பி.எஸ். பட்டத்தைக் கட்டாயமாக்கியபோது வேலூர் மூடப்படும் நிலைக்கு வந்தது. ஐடாவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 68. மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். பெண்களுக்கு மட்டுமான கல்லூரியாகவே அது தொடர வேண்டும் என நெடுங்காலம் துணைநின்ற லூசி பீபடி வற்புறுத்தினார். ஆண்களையும் சேர்த்தால்தான் பல திருச்சபைகள் சேர்ந்து செலவைத் தாங்கும் என்ற நிலையில் ஐடா அதற்கு இணங்க, பழைய நட்பு முறிந்தது. 1942இல் பட்டப்படிப்பு வந்தது, 1947இல் ஆண் மாணவரும் வந்தனர். தரத்தை உயர்த்துவது என்ற பெயரில் ஒரு கதவு மூடப்படும்போது அதனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வி அன்றே எழுந்தது. உரிமப் படிப்பை அறவே ஒழிக்கக் கூடாதென 1946 போர் குழுவின் உறுப்பினர் சிலர் மாற்றுக் கருத்து எழுதி வைத்தனர். குழுமூர் அனிதாவை இழந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே 1946இல் வேலூரின் செவிலியப் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் வழங்கும் செவிலியர் கல்லூரியாயிற்று. அவ்வாண்டு தில்லியிலும் ஒன்று தொடங்கியது. இந்தியாவில் செவிலியம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது இவ்விரண்டின் வழியாகவே. இதன் கனத்தை உணர வேண்டுமானால் போர் குழு தந்த கணக்கைப் பார்க்கலாம்: அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர், 60,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. மருத்துவரைவிடச் செவிலியர் குறைவாக இருந்த நாடு இது. இதனை வறுமை மட்டும் விளக்காது. தொடும் வேலையை இழிவென்று ஒதுக்கிய சமூகம் தன் பிணிக்குத் தானே கொடுத்த விலை அந்த 43,000.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் பெண்ணுடல் பற்றிய அரசியல் வந்துகொண்டிருந்தது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களின் மகப்பேற்று உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்து வாதிட்டார். 1929இல் அது சட்டமானது. பிள்ளை பெறுவது வீட்டின் தலையெழுத்து அன்று, அரசும் முதலாளியும் பொறுப்பேற்க வேண்டியது என்பது அதன் சாரம். ஐடாவின் உலகில் அந்த மொழி இல்லை. அவர் பேசியது இரக்கத்தின் மொழி, அழைப்பின் மொழி, நன்கொடையாளர் முன் உருகிப் பேசும் மொழி. சாதியைக் கட்டமைப்பாகக் கண்டு அதை எதிர்த்துப் பேசியவராக அவரை நாம் முன்னிறுத்த முடியாது. 1850இலேயே சென்னை மிஷனரி மாநாடு சபைக்குள் சாதி கூடாதெனத் தீர்மானித்திருந்தும், தமிழகத்துத் திருச்சபைகள் பலவற்றில் இருக்கையும் கல்லறையும் பிரிந்தே கிடந்தன. சில இடங்களில் இன்றும் கிடக்கின்றன. ஐடா அந்தப் போரைத் தன் போராக எடுத்துக்கொள்ளவில்லை. மதமாற்றத்துக்காகவே மருத்துவம் என்று இன்று கூச்சலிடுவோருக்கு அவர்தம் முன்னோர் அன்று எத்தனை சாலையோர மருத்துவமனைகளைச் சேரிக்காகத் திறந்தனர் எனக் கேட்பது நியாயம். ஆனால் அக்கேள்வியைக் கேட்டுவிட்டதாலேயே மிஷனரிகளைத் தெய்வமாக்க வேண்டியதுமில்லை.

மீதிப் பாதிப் பதில் என்றோமே, அது இதுதான். செவிலியம் கல்வியான பின்னும் மருத்துவமனைக்குள் ஓர் ஏணி நின்றது. மேற்படியில் மருத்துவர், நடுவில் செவிலியர், கீழே ஆயாவும் துப்புரவுப் பணியாளரும். செவிலியக் கல்வி பெற்ற பெண் மலச்சட்டியை ஆயாவிடம் தள்ளக் கற்றுக்கொண்டாள். ஆயா பெரும்பாலும் அவள் தெருவிலிருந்தே வந்தவள். அரசும் இவ்வேணியை விரும்பியது. 2015இல் தமிழக அரசு ஆயிரக்கணக்கான செவிலியரைப் போட்டித் தேர்வு வைத்து எடுத்து, மாதம் ரூ.7,700 எனும் ஒப்பந்தச் சம்பளத்தில் பணியமர்த்தியது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை மருத்துவத் துறை வளாகத்தில் அமர்ந்து போராடினர். நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே வேலையைச் செய்தவர்கள் கேட்டது சம ஊதியமும் பணி நிரந்தரமும். சேவை, தியாகம் என்று செவிலியர் நாளில் பூங்கொத்து கொடுப்பவர்கள் ஊதியம் கேட்கும்போது அதே சொற்களைத் திருப்பி எறிவதை அவ்வளாகம் கண்டது. ஊழியம் என்ற சொல்லை ஐடா தம் விருப்பால் தேர்ந்தவர், சம்பளத்துக்கு மிஷனும் தங்க வீடும் உடையவர். அச்சொல்லை வீட்டு வாடகை கட்ட வேண்டிய பெண்ணின் மேல் சுமத்துவது வேறு.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். விசாகப்பட்டினத்துக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் அடுத்துத் தலைமையேற்ற முதல் இந்தியர். பிறகு கொடைக்கானலில் ஹில்டாப் எனும் தம் வீட்டில் பெரும்பகுதி நாட்களைக் கழித்தார். பெயரும் இந்தியா என்ற ஒரு சொல்லும் மட்டும் எழுதிய கடிதம்கூட அவரிடம் போய்ச் சேர்ந்ததென்பது வேலூரில் வழங்கும் கதை. 1960 மே மாதம், 89ஆம் வயதில், அந்த வீட்டில் காலமானார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது ஊரே தெருவில் நின்றது. முதலில் கட்டிய ஷெல் மருத்துவமனை கண் மருத்துவமனையாகி நெடுங்காலம் இயங்கிவந்தது. ஈச்சங்காடு சந்திப்பில் நாம் சந்தித்த மாணவிக்கு அன்று மகப்பேற்று வார்டில் முதல் நாள். பாட்டிக்கு என்ன பதில் சொன்னீர்கள் எனக் கேட்டோம். இன்னும் சொல்லவில்லை, முதலில் தேர்வு முடியட்டும் என்று கூறிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.